வாயில்லாத ஸ்டாப்பர்

எங்கள் அண்ணி கால்பந்து ஆடிச் சம்பாதிப்பவர். கோல் போடுகிறவர் இல்லை; கோல் போட வருகிறவர்களை வெறுங்கையோடு திருப்பி அனுப்புகிறவர். தடுப்பு வரிசையின் நடுவில் நிற்கும் ஸ்டாப்பர். கோல் போட்டவளின் படம் மறுநாள் பேப்பரில் பெரிதாக வரும். அந்தப் படத்தின் ஓரத்தில் பாதி முழங்கை ஒன்று தெரிந்தால் அது அண்ணியுடையது. அந்த அரை முழங்கையைக் காட்டி நான் அலுவலகத்தில் அடித்துக்கொண்ட பெருமைக்கு அளவில்லை.

நான் குடிநீர் வாரியத்தில் புகார் தொலைபேசியில் உட்கார்ந்திருப்பவள். தண்ணீர் வரவில்லை, வந்த தண்ணீர் நாறுகிறது, குழாய் உடைந்து தெருவே குளமாகிவிட்டது என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை ஊர் என்னைத் திட்டும். நானும் சளைக்காமல் பதில் சொல்வேன். வாய்தான் எனக்குச் சோறு போடுகிறது, அதனால் வீட்டுக்கு வந்தபிறகும் அதை மூடி வைக்கும் பழக்கம் எனக்கு வரவில்லை. அம்மா எனக்கு மேல். பள்ளிச் சீருடை தைக்கும் கூடத்தில் மேற்பார்வை பார்க்கிறாள். வரிசையாக ஓடும் மிஷின்களின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி, பக்கத்தில் இருப்பவரிடம் உப்பு கேட்டாலும் தெருக்கோடி வரை கேட்கும். இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் என் அண்ணன் ஒரு பேசா மடந்தையைக் கல்யாணம் செய்து கூட்டிக்கொண்டு வந்தான்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். அண்ணி ஆடும் துறைமுக அணியின் விடுதியில் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நின்றுவிட்டது என்று ஒருநாள் அவனைக் கூப்பிட்டிருக்கிறார்கள். கதவை நெம்பித் திறந்தால் உள்ளே ஒரே கூச்சல். ஒருத்தி அழுகிறாள், ஒருத்தி அண்ணனையே திட்டுகிறாள். மூலையில் ஒரு பெண் மட்டும் சுவரில் சாய்ந்து, முழங்காலில் ஐஸ் பையை அழுத்திக்கொண்டு சும்மா நின்றிருந்தாளாம். ஐஸ் பாதி உருகிக் கால் வழியே ஓடிக்கொண்டிருந்தது. "தேங்க்ஸ்ங்க" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டே போய்விட்டாள். அந்த ஒரு வார்த்தையில் இவன் காலி. அதற்கப்புறம் நன்றாக ஓடிக்கொண்டிருந்த அந்த லிஃப்டுக்கு வாரா வாரம் சர்வீஸ் நடந்தது.

கல்யாணத்துக்குப் பிறகு அம்மா என்னென்னவோ செய்து பார்த்தாள். "சாப்பாடு எப்படி இருக்கு?" "நல்லா இருக்கு அத்தை." "இன்னைக்கு என்ன நடந்துச்சு?" "ஒண்ணும் இல்ல அத்தை." அவ்வளவுதான், கேட்டால் கேட்டதற்குப் பதில். அம்மா என்னைச் சமையலறைக்குள் இழுத்து, "இந்தப் பொண்ணுக்கு நம்மளப் பிடிக்கலையோ?" என்று அவளுக்குத் தெரிந்த மெல்லிய குரலில் கேட்டாள். கூடத்தில் இருந்த அண்ணிக்கு அது நன்றாகக் கேட்டிருக்கும்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் இருவரையும் அண்ணன் ஆட்டம் பார்க்கக் கூட்டிப்போனான். அம்மா முனகிக்கொண்டே பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்து உட்கார்ந்தாள். விசில் ஊதிய அடுத்த நொடி மைதானத்தின் நடுவிலிருந்து ஒரு குரல் கிளம்பியது.

"ஏறு, ஏறு, ஏறு. ஏய், தூங்குறியா? வலது பக்கம், உன் பின்னாடி ஆளு. நில்லு. காலை விடாத. இப்பத் தள்ளு வெளிய."

யாரது என்று அம்மா தேடினாள். நானும் தேடினேன். அது எங்கள் அண்ணி. பந்து எதிரணிப் பக்கம் இருந்தாலும் பேச்சு, வெளியே போனாலும் பேச்சு. நடுவரிடம் பேச்சு, எதிரணி ஃபார்வர்டிடம் நலம் விசாரிப்பு. வாய் ஓயவே இல்லை. இடைவேளையில் அம்மா அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"இந்த வாயை இத்தனை நாளா எங்கடா வெச்சிருந்தா?"

"வேலை செய்யுற இடத்துல வெச்சிருக்காம்மா. வீட்டுக்கு எடுத்துட்டு வர்றதில்ல," என்றான் அண்ணன்.

அன்றிலிருந்து அம்மா உள்ளூரில் நடந்த ஆட்டம் ஒன்றையும் விட்டதில்லை. சீருடைக் கூடத்தில் யாராவது அசந்து உட்கார்ந்தால், "ஏய், தூங்குறியா?" என்று மருமகள் பாணியிலேயே கேட்கத் தொடங்கினாள்.

எதற்கு அவ்வளவு கத்தல் என்று நான் ஒருநாள் கேட்டேன். அண்ணி சாப்பாட்டு மேஜையில் நான்கு டம்ளர்களை வரிசையாக வைத்தார். "நாங்க நாலு பேரும் ஒரே கோட்டுல நிக்கணும். அந்தக் கோட்டைத் தாண்டி எதிராளி முன்னாடியே போய் நின்னு பந்து வாங்கினா ஆஃப்சைடு, செல்லாது. ஆனா எங்கள்ல ஒருத்தி ரெண்டடி பின்தங்கினாலும் போச்சு." கடைசி டம்ளரை லேசாகப் பின்னால் தள்ளினார். "அந்த ரெண்டடியை அவளால பார்க்க முடியாது. அவ பந்தைப் பார்த்துட்டிருப்பா. நான் பார்த்துச் சொல்லணும்." எங்கள் வீட்டில் அண்ணி பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். பேசி முடித்ததும் களைத்துப்போய் ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றிக் குடித்தார்.

அண்ணி படித்த பள்ளிக்கூடத்தில் எல்லாப் பெண்களும் முன்னால் நின்று கோல் போடத்தான் அடித்துக்கொள்வார்களாம். உயரமாக இருந்து சண்டையும் போடாத பெண்ணை டீச்சர் பின்னால் நிறுத்தினார். நின்றவர் நின்றவர்தான். முதலில் சேர்ந்த கிளப்பை, ஜெர்சியில் எழுத்து உரிவதற்குள் இழுத்து மூடிவிட்டார்கள். அடுத்தது துறைமுக அணி. இரண்டாம் அணியில் சேர்ந்து, முதலணிக்கு ஏறி, அதன் தலைவியாகவும் ஆகி, அங்கேயே வேரூன்றினார். மூக்கு ஒருமுறை உடைந்தது, புருவம் இருமுறை கிழிந்தது. ரசிகர்கள் அவருக்கு வைத்த பெயர் 'பூட்டு'. எதிரணி பந்தோடு நெருங்கினால் ஒரு பக்கத்துக் கூட்டம் முழுக்க "பூட்டு, பூட்டு" என்று கத்தும். அண்ணி போய்ப் பந்தைப் பிடுங்கிக்கொண்டு வருவார். அந்த நேரத்தில் எனக்கு மயிர்க்கூச்செறியும். இன்றைக்கு நினைத்தாலும்தான்.

ஆனால் நாட்டு அணி என்று வந்தால் எங்கள் பூட்டுக்கு வேலையே இல்லை. வருஷா வருஷம் முகாமுக்குக் கூப்பிடுவார்கள், ஜெர்சி கொடுப்பார்கள், கொண்டுபோய்ப் பெஞ்சில் உட்கார வைப்பார்கள். காரணம் கேப்டன். அவரும் ஸ்டாப்பர். தலைவலி காய்ச்சல்கூட அண்டாத பிறவி. எல்லோரும் அவரை 'இரும்பு' என்றே கூப்பிட்டார்கள். நாங்கள் டிவி முன்னால் உட்கார்ந்து, ஆட்டத்தை விட்டுவிட்டுப் பெஞ்சையே பார்த்துக்கொண்டிருப்போம். கேமரா அந்தப் பக்கம் திரும்பினால், "அதோ, அதோ" என்று அம்மா துள்ளுவாள். ஒருமுறை அண்ணி கொட்டாவி விடும்போது காட்டிவிட்டார்கள். அதையும் பதிவு செய்து வைத்திருக்கிறோம்.

"உட்கார வைக்கவா இவ்வளவு தூரம் கூட்டிட்டுப் போறாங்க?" என்று அம்மா ஒருநாள் பொறுக்காமல் கேட்டாள்.

அண்ணி கொஞ்ச நேரம் காலுறையைச் சுருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, "ஒரே ஒரு ஆட்டம் அத்தை. நாட்டு ஜெர்சியில ஒரு முழு ஆட்டம் ஆடிட்டாப் போதும். அப்புறம் பெஞ்சுல உட்கார்ந்தாலும் கவலையில்ல," என்றார். அவருக்கு வயது முப்பதைத் தாண்டியிருந்தது. ஸ்டாப்பருக்கு அது கிழடு தட்டும் வயது இல்லைதான். ஆனாலும் கதவு மெல்ல மூடிக்கொண்டிருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

அந்தக் கதவு திறந்தது சோப்பால். உலகக் கோப்பைக்குத் தகுதி பெறக் கடைசியாக ஒரு ஆட்டம் பாக்கியிருந்தபோது, இரும்பு தன் வீட்டுக் குளியலறையில் சோப்பின் மேல் கால் வைத்து வழுக்கிப் பாதத்தை உடைத்துக்கொண்டார். அடுத்தவர் கஷ்டத்தில் சந்தோஷப்படக் கூடாது. நாங்கள் பட்டோம்.

நாட்டு அணியின் பயிற்சியாளரிடமிருந்து ஃபோன் வந்தது. அவரை எல்லோரும் மேடம் என்பார்கள். அண்ணி எடுத்தார். "ஹலோ, ஹலோ, லைன்ல இருக்கீங்களா?" என்று அந்தப் பக்கம் மேடம் கேட்கிறார். அண்ணி வாயைத் திறக்கிறார், மூடுகிறார், சத்தம் வரவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. முந்தின வாரம் கொட்டும் மழையில் லீக்கின் கடைசி ஆட்டம். மழைச் சத்தத்துக்கு மேலே அண்ணி முழு ஆட்டமும் கத்தியிருக்கிறார். அன்றைக்கே தொண்டை போய்விட்டது. எங்கள் வீட்டில் ஒருவரும் கவனிக்கவில்லை, ஏனென்றால் எங்களுக்கு வித்தியாசமே தெரியவில்லை. நான் ஃபோனைப் பிடுங்கி, "அண்ணிக்குச் சந்தோஷத்துல வாயடைச்சுப் போச்சு மேடம். கண்டிப்பா வருவாங்க," என்றேன்.

தொண்டை டாக்டர் சின்னக் கேமராவை உள்ளே விட்டுத் திரையில் காட்டினார். பேசும் இடத்தில் இரண்டு பக்கமும் தடித்துச் சிவந்திருந்தது. "மூணு வாரத்துக்குப் பேச்சு மூச்சு இருக்கக் கூடாது. ரகசியம் பேசுற மாதிரி குசுகுசுன்னு பேசறதும் கூடாது, அது இன்னும் கெடுதல். கத்தினீங்கன்னா உள்ள ரத்தம் கட்டிக்கும். அப்புறம் ஆபரேஷன்தான். மாசக்கணக்கா ஓட்டம், பளு, எதுவும் கிடையாது," என்றார்.

"ஆடலாமா டாக்டர்?" என்று நான் கேட்டேன்.

"கால்ல தானே ஆடுறாங்க? வாயை மூடிட்டு ஆடட்டும்." டாக்டருக்குக் கால்பந்து தெரியாது என்று அப்போதே புரிந்துவிட்டது.

வீட்டில் பஞ்சாயத்து கூடியது. போக வேண்டாம் என்றான் அண்ணன். அண்ணி அவனையே பார்த்தார். பெட்டியை எடுத்து அவன் முன்னாலேயே துணியை அடுக்க ஆரம்பித்தார். அண்ணன், அவர் மறந்திருந்த கணுக்கால் பட்டையைக் கொண்டுவந்து பெட்டிக்குள் போட்டான். அம்மா என் பக்கம் திரும்பினாள். "அவளுக்கு ஒரு வாய் வேணும், அவ்வளவுதானே? நம்ம வீட்டுல வாய்க்கா பஞ்சம்? லீவு போட்டுட்டு நீ கூடப் போ."

இப்படித்தான் நான் தேசிய அணி முகாமுக்குப் போனேன், அண்ணியின் வாயாக.

மேடம் குள்ளமானவர், தொப்பி, கழுத்தில் விசில், எதையும் இரண்டு தடவை சொல்லாதவர். டாக்டர் சொன்னதை ஒளிக்காமல் சொன்னேன். மேடத்தின் முகத்தில் ஈயாடவில்லை.

"கத்த முடியாத ஸ்டாப்பரை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? அழகு பார்க்கவா?"

அண்ணி தன் நெஞ்சில் இரண்டு விரலை வைத்தார். பிறகு புல்தரையைக் காட்டினார். நான் மொழிபெயர்த்தேன். "வருஷக்கணக்கா பெஞ்சு தேய்ச்சிருக்காங்க மேடம். ஒரே ஒரு ஆட்டத்துக்காகத்தான் இத்தனை நாளும் காத்திருந்தாங்க. கையை வெச்சே வரிசையை நடத்திடுவாங்க, உங்க நம்பிக்கையைக் காப்பாத்துவாங்க, உயிரைக் கொடுத்து..."

"அவங்க காட்டினது ரெண்டு விரல். நீங்க பேசினது ரெண்டு பக்கம்," என்றார் மேடம்.

அப்போது கோல்கீப்பர் முன்னால் வந்தாள். அந்தக் காலத்து ஆலையில் ஷிப்டுக்கு ஊதும் சங்கு மாதிரி தொண்டை. அதனால் பட்டப்பெயரே சங்கு. சத்தம் உண்டு, விஷயம் இருக்காது என்று மற்ற பெண்கள் அவளைக் கிண்டல் செய்வார்கள். பந்து எங்கே போகிறது என்று தெரியாமலே "பார்த்து, பார்த்து" என்று கத்துகிறவள். "மேடம், சத்தம் என்கிட்ட இருக்கு. என்ன சொல்லணும்னு அக்கா சொல்லட்டும். நான் அவங்க முதுகுக்குப் பின்னாடிதானே நிக்கிறேன்?" என்றாள்.

அப்படி ஒரு ஏற்பாடு பிறந்தது. அண்ணி தன் கையை இடுப்புக்குப் பின்னால் வைத்துக்கொள்வார். விரித்த கை என்றால் வரிசை முன்னால் ஏற வேண்டும். மூடிய கை என்றால் நிற்க வேண்டும். கட்டைவிரல் கீழே போனால் பின்னால் இறங்க வேண்டும். எந்தப் பக்கம் விரல் நீள்கிறதோ அந்தப் பக்கம் ஆள் வருகிறது. பார்த்துப் பார்த்துச் சங்கு ஊதுவாள். எதிரணிக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று மேடம் முதல் பதினொரு பேருக்கு மட்டும் சொல்லி, மற்றவர்களைப் பக்கத்து மைதானத்துக்கு விரட்டிவிட்டார்.

முதல் ஒத்திகை பிரமாதமாகப் போனது. வரிசை கயிறு கட்டி இழுத்தது போல் ஏறி இறங்கியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. திடீரென்று சங்கு "ஏறு" என்று ஊத, வரிசை மொத்தமும் ஏற, பின்னால் பரந்து கிடந்த வெற்றிடத்தில், எதிர்த்து ஆடிய எங்கள் ஃபார்வர்ட் ஒருத்தி சாவகாசமாகப் பந்தை உருட்டிக்கொண்டு போய்க் கோல் போட்டாள். எல்லோரும் சங்கைப் பார்த்தார்கள்.

"அக்கா கை விரிச்சாங்க மேடம், சத்தியமா."

அண்ணி இல்லையென்று தலையை ஆட்டினார். பிறகு மெல்லத் தன் உள்ளங்கையைப் பார்த்தார். வியர்வை. பந்து நின்றிருக்கும்போதெல்லாம் வியர்த்த கையை டவுசரின் பின்பக்கத்தில் துடைத்துக்கொள்வது அவருடைய பழக்கம். பள்ளிக்கூட நாளிலிருந்தே அப்படித்தான். அவர் கை துடைத்ததைத்தான் சங்கு 'ஏறு' என்று படித்திருக்கிறாள். பெண்கள் புல்லில் விழுந்து புரண்டு சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை.

"நாளைக்கு ஒரு தடவை பார்ப்பேன். அவ்வளவுதான்."

அன்று சாயங்காலம் முழுக்க நான் அண்ணியைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தேன். விடுதி வராந்தாவில் நடந்தாலும், சாப்பிட்டுவிட்டுக் கை கழுவினாலும், கை பின்னால் போன உடனே "கை" என்பேன். பல் விளக்கும்போதுகூட விடவில்லை. கடைசியில் அண்ணி என்னைப் பார்த்த பார்வையில், குரல் மட்டும் இருந்திருந்தால் நான் என்ன கேட்டிருப்பேன் என்பது எனக்கு நன்றாகவே புரிந்தது. மறுநாள் மணிக்கட்டில் பட்டை கட்டி, கை வியர்வையை முன்பக்கமாக அதிலேயே துடைத்துக்கொண்டு ஆடினார். கோல் விழவில்லை. மேடம் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துவிட்டு, "சரி, இறங்கட்டும்," என்றார்.

ஆட்ட நாள். எங்களுக்கு வெற்றி வேண்டும். எதிரணிக்குச் சமன் செய்தாலே போதும். எனக்கு உதவியாளர் என்று ஒரு பச்சை மேலங்கி மாட்டிவிட்டு, தண்ணீர் பாட்டில் கூடையோடு கோட்டுக்கு வெளியே நிறுத்தியிருந்தார்கள். அண்ணி நாட்டு ஜெர்சியில் வரிசையாக நடந்து வந்தார். நான் அழுதேன். கூடை கனம் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன்.

என்ன ஆட்டம் ஆடினார் என்கிறீர்கள். எதிரணியில் ஒரு ஃபார்வர்ட் இருந்தாள், காற்றைப் போல் ஓடுகிறவள். ஓடிய ஒவ்வொரு தடவையும் ஆஃப்சைடில் மாட்டினாள். விரித்த கை, "ஏறு", கோட்டு நடுவரின் கொடி. மூடிய கை, "நில்லு", பந்து அண்ணியின் காலில். எங்களுக்குக் கட்டளை கொடுப்பது கோல்கீப்பர் என்று நினைத்து எதிரணிப் பயிற்சியாளர் சங்கையே முறைத்துக்கொண்டிருந்தார். முதல் பாதி முடிவதற்குள் எங்கள் பக்கம் ஒரு கோலும் போட்டாயிற்று. இடைவேளையில் மேடம் அண்ணியின் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். அந்த மனுஷி யாரையும் தட்டிக்கொடுத்து அதுவரை யாரும் பார்த்ததில்லையாம்.

ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம் இருக்கும்போது உயரமாக ஒரு பந்து வந்தது. சங்கு பாய்ந்து பிடித்தாள். பிடித்தவள் மேல் எதிரணிக்காரி ஒருத்தி வந்து மோத, இருவரும் உருண்டார்கள். சங்கு எழுந்திருக்கவில்லை. தோள்பட்டை நழுவியிருந்தது. ஸ்ட்ரெச்சரில் போகும்போதும் "நில்லு, நில்லு, கோட்டை விடாதீங்கடி" என்று ஊதிக்கொண்டேதான் போனாள்.

மாற்றுக் கோல்கீப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு ஓடினாள். ரொம்ப நல்ல பெண், பாய்ச்சலும் நல்ல பாய்ச்சல். ஆனால் குரல் இருந்த லட்சணத்தில் அவளைப் பூனைக்குட்டி என்று கூப்பிட்டார்கள். அவள் ஓடிப்போய் நின்ற பிறகுதான் எனக்கு அது நினைவுக்கு வந்தது. இவள் பக்கத்து மைதானத்தில் பயிற்சி எடுத்தவள். கைக்குறி எதுவும் இவளுக்குத் தெரியாது. ரகசியம் ரகசியம் என்று பொத்தி வைத்து, சொல்ல வேண்டியவளுக்கே சொல்லாமல் விட்டிருக்கிறோம்.

"மேடம், பூனைக்குட்டிக்குத் தெரியாது," என்றேன்.

"அது எனக்குத் தெரியாதா?" என்று மேடம் பல்லைக் கடித்தார். அவரும் கோட்டோரம் நின்று கத்தினார். நானும் கத்தினேன், புகார் தொலைபேசியில் கத்தாத கத்தல். கூட்டத்தின் இரைச்சலில் அது பாதி மைதானத்தைக்கூடத் தாண்டவில்லை. கூடையோடு பெஞ்சில் போய் உட்காரச் சொல்லி அதிகாரி ஒருவர் என்னைத் துரத்தினார்.

அண்ணி கையை விரித்தார், பந்தைப் பார்த்துக்கொண்டிருந்த யாரும் ஏறவில்லை. திரும்பிப் பார்த்தார், பூனைக்குட்டி அவருடைய கையைப் பார்த்துவிட்டுப் பரிதாபமாக விழித்தாள். வரிசை குலைந்தது. அந்தக் காற்றுக்காரி முதல் தடவையாகக் கோட்டைத் தாண்டி ஓடினாள், அடித்தாள், பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. என் உயிர் போய் வந்தது. அதன் பிறகு அண்ணி செய்ததை என்ன சொல்ல? ஒருத்தியின் ஜெர்சியைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். கையைத் தட்டினார். இந்தப் பக்கம் ஓடி ஒருத்தியைத் தள்ளிவிட்டு, அந்தப் பக்கம் ஓடி இன்னொருத்தியின் இடத்தையும் அடைத்தார். நான்கு பேர் வேலையை ஒருவர் ஓடி ஓடிச் செய்தார். வாய் மட்டும் இறுக மூடியிருந்தது.

கடைசிப் பந்து அதுவாகத்தான் இருக்கும் என்று எல்லோருக்கும் தெரிந்தது. எதிரணியினர் தங்கள் பக்கத்திலிருந்து பந்தை வானத்துக்கு ஏற்றிவிட்டார்கள். எங்கள் இடதுபக்கத் தடுப்பாட்டக்காரி பந்தையே பார்த்துக்கொண்டு பின்னால் ஓடி வருகிறாள். பூனைக்குட்டியும் பந்தையே பார்த்துக்கொண்டு முன்னால் ஓடி வருகிறாள். இருவர் கண்ணும் வானத்தில். ஒருத்தி இன்னொருத்தியைப் பார்க்கவில்லை. மோதினால் பந்து நழுவி விழும், விழும் இடத்தில் அந்தக் காற்றுக்காரி காத்துக்கொண்டிருக்கிறாள், பின்னால் கோல் திறந்து கிடக்கிறது. ஓடிப் பிடிக்கிற தூரத்தில் அண்ணி இல்லை. அவர் வாய் திறந்ததை நான் பார்த்தேன்.

"விடு."

அது குரலே இல்லை. துருப்பிடித்த இரும்புக் கதவை ஒரே இழுப்பாக இழுத்தால் வரும் சத்தம். கூடையோடு உட்கார்ந்திருந்த எனக்கே கேட்டது. இடதுபக்கக்காரி அப்படியே தலையைக் குனிந்து தரையோடு சாய்ந்தாள். அவள் முதுகுக்கு மேலே பூனைக்குட்டி எம்பிப் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விழுந்தாள். எழுந்திருக்கவேயில்லை, பந்தை விடவுமில்லை. விசில் ஊதிவிட்டது.

எல்லோரும் உள்ளே ஓடினார்கள், நானும் கூடையை எறிந்துவிட்டு ஓடினேன். அண்ணி புல்லில் உட்கார்ந்து ஒரு கையால் தொண்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். அப்படி அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. டிவிக்காரர் ஒருவர் மைக்கை அண்ணியிடம் நீட்ட, அண்ணி என்னைக் காட்டினார். மைக் என் பக்கம் வந்தது. நாடே பார்த்துக்கொண்டிருந்தது, நான் தேம்பித் தேம்பி அழுததுதான் ஒளிபரப்பானது. அம்மா இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.

தொண்டை டாக்டர் மறுபடி கேமராவை விட்டுப் பார்த்தார். ரத்தம் கட்டியிருந்தது.

"ஒரே ஒரு வார்த்தைதான் டாக்டர்," என்றேன்.

"அந்த ஒண்ணைத்தான் வேணாம்னு சொன்னேன்," என்றார்.

ஆபரேஷன் நடந்தது. உலகக் கோப்பைக்கு அணி கிளம்பியபோது அண்ணி வீட்டுச் சோபாவில் இருந்தார். கால் தேறிய இரும்பு கேப்டனாகப் போனார். முதல் ஆட்டத்தில் கேமரா பெஞ்சைக் காட்டியது. அம்மா வழக்கம்போல எட்டிப் பார்த்துவிட்டு, சட்டென்று எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். எனக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது, யார் மேல் என்று தெரியாத ஆத்திரம். அண்ணி மட்டும் தலையணையை வாயில் கவ்விக்கொண்டு, ஒவ்வொரு தடவை வரிசை பின்தங்கும்போதும் சோபாவின் கையைக் குத்திக்கொண்டிருந்தார். நாங்கள் ஒரு சுற்றுத் தாண்டினோம். அன்றைக்கு அண்ணன் அவரைத் தூக்கிச் சுற்றினான், தையலில் படும் என்று அம்மா இருவரையும் திட்டினாள்.

அதற்குப் பிறகு நாட்டு அணியிலிருந்து அழைப்பு வரவில்லை. இளையவர்களைத் தேடுகிறார்களாம். அண்ணியின் பன்னாட்டு ஆட்டக் கணக்கு ஒன்றோடு நின்றுவிட்டது. குரல் திரும்பி வந்தது, முன்பைவிடக் கொஞ்சம் கரகரப்பாக. துறைமுக அணிக்கு மறுபடி ஆடத் தொடங்கினார்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவர் வாசலில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தார். தெருவில் அண்ணன் வண்டியைக் கிளப்பிவிட்டுக் காத்திருந்தான். மாதக்கணக்காக என் தொண்டையில் நின்றதை அன்றைக்குக் கேட்டேவிட்டேன்.

"அண்ணி, அன்னைக்கு அந்த ஒரு வார்த்தையை முழுங்கியிருந்தா நீங்க உலகக் கோப்பைக்குப் போயிருப்பீங்கல்ல?"

"கோல் விழுந்திருந்தா யாருமே போயிருக்க மாட்டோம்."

"விழாமலும் போயிருக்கலாம். அவங்க ரெண்டு பேரும் மோதாம இருந்திருக்கலாம். பூனைக்குட்டி அதுவாவே பிடிச்சிருக்கலாம்."

"பிடிச்சிருக்கலாம்," என்று ஒப்புக்கொண்டார். அடுத்த பூட்ஸை எடுத்து மாட்டினார். கயிற்றை முடிச்சுப் போட்டு, சரியாக இருக்கிறதா என்று காலைத் தரையில் தட்டிப் பார்த்தார். பையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"ஆனா நான் பார்த்துட்டேனே," என்றார். "பார்த்துட்டு எப்படிச் சொல்லாம இருக்கிறது?"